முதல் சுற்று மருந்து: வீட்டாரும் ஊராரும் அறிய வேண்டியவை

கிராமத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், அவ்வீட்டார் முதலில் கேட்பது, "பிழைப்பாரா?" என்பது. அதற்கடுத்துக் கேட்பது, "கீமோ மருந்து ஏற்ற வேண்டுமாமே, அதை உடம்பு தாங்குமா?" என்பது. முதற் கேள்விக்கு விடை கூற வேண்டியவர் டாக்டர். இரண்டாம் கேள்விக்குரிய விடையில் ஒரு பாதி டாக்டரிடம் இருக்கிறது. மறு பாதி வீட்டாரிடமும் ஊராரிடமும் இருக்கிறது. அம்மறு பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

வேளாண்மையும் சாலையும் குடிநீரும் பேச வேண்டிய ஏட்டில் நோயைப் பற்றி எதற்காக என்று சிலர் எண்ணக்கூடும். வளர்ச்சிப் பணியின் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் நாம் கண்ட ஒன்று உண்டு. கறவை மாட்டை விற்றும், நிலத்தை ஒற்றி வைத்தும் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். முதல் சுற்று முடிந்து வீடு திரும்பியதும் உடல் படும் பாட்டைக் கண்டு அஞ்சி, அடுத்த சுற்றுக்குச் செல்லாமல் நின்று விடுகிறார்கள். செலவும் வீண், உயிரும் ஐயத்திற்குரியதாகிறது. மருந்தின் வலிமைக் குறைவால் இங்ஙனம் நேர்வதில்லை. முதல் சுற்றுக்குப் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களை எவ்வாறு கடப்பது என்று வீட்டாருக்கு யாரும் சொல்லாததால் நேர்கிறது. அதை அறிந்து கொள்வது ஒரு புதிய விதையையோ உரத்தையோ பற்றி அறிந்து கொள்வதைவிடக் கடினமானதன்று.

மருந்து என்ன செய்கிறது?

நம் உடல் எண்ணற்ற நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. அவை அளவோடு பெருகும்; வேலை முடிந்ததும் மடியும். கட்டுப்பாடு இழந்து சில அணுக்கள் ஓயாது பெருகிக்கொண்டே போவதுதான் புற்றுநோய். ஓரிடத்தில் நிற்கும் கட்டியை அறுவையால் அகற்றலாம். "கரண்டு வைத்தல்" என்று மக்கள் கூறும் கதிர்ச் சிகிச்சையால் சுட்டழிக்கலாம். இரத்தத்தின் வழியே வேறிடங்களுக்குச் சென்று ஒளிந்திருக்கும் அணுக்களை என் செய்வது? இரத்தத்தின் வழியே சென்று அவற்றைத் தேடி அழிப்பதற்கே கீமோ மருந்து தரப்படுகிறது.

இம்மருத்துவத்தின் வரலாற்றில் நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில், நச்சுவாயு ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்னும் பொருளை ஒரு நோயாளிக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள், கழலைகள் சுருங்கின. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆராய்ச்சிக் குழுவினர் செய்தளித்த அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டே, 1947ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்கினார். அதன் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்ஸேட் இன்றும் பயன்படுகிறது. நம் தென் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய இரண்டும் 1960களிலிருந்து ஆஸ்பத்திரிகளில் வழங்கி வருகின்றன. செடி கொல்லையில் இருக்கிறதே என்று இலையை அரைத்துக் குடித்தல் பேராபத்து. ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்குச் செலுத்தப்படும் வின்கிரிஸ்டின் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேற்படுவதில்லை என்பதிலிருந்தே அதன் வீரியத்தை உணரலாம்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும். புற்றணு விரைந்து பெருகுவதால் மடிகிறது. ஆனால் நல்ல அணுக்களிலும் விரைந்து பெருகுபவை சில உண்டு: மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்புறம், எலும்புக்குள் இரத்தம் ஊறும் மஜ்ஜை. ஆகவேதான் முடி உதிர்கிறது, வாய் வேகிறது, பேதியாகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. இவை நோய் முற்றியதன் அடையாளம் அல்ல; மருந்து வேலை செய்யும் வழியில் உண்டாகும் உபாதைகள். நல்ல அணுக்கள் மீண்டும் வளர்ந்து விடும். அவ்வளர்ச்சிக்கு இடம் தருவதற்காகவே இரண்டு, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சுற்றுச் சுற்றாக மருந்து தருகிறார்கள்.

ஏன் பல சுற்றுகள்? விவசாயப் பெருமக்கள் இதை எளிதில் உணர்வார்கள். ஒரே களையெடுப்பில் வயல் சுத்தமாவதில்லை. கண்ணில் பட்டதைப் பிடுங்கினோம். மண்ணுக்குள் கிடந்தது அடுத்த ஈரத்தில் முளைக்கும். இரண்டாம் களையெடுப்பை விட்டு விட்டால் முதற் களையெடுப்பின் கூலியும் வீணாகும். ஒவ்வொரு சுற்றும் புற்றணுக்களில் ஒரு பங்கையே அழிக்கும். எஞ்சியவற்றுக்கு அடுத்த சுற்று வேண்டும். "கட்டி சுருங்கி விட்டது, இனி எதற்கு?" என்று நிற்பது, களை தெரியவில்லை என்று வயலை விட்டு வருவதற்கு ஒப்பாகும்.

மருந்து ஏறுவதற்கு முன்

முதல் சுற்றுக்கு நாள் குறித்ததும் பின்வருவனவற்றைச் செய்து முடிக்க வேண்டும்.

1. இச்சிகிச்சையின் நோக்கம் என்ன என்று டாக்டரைக் கேட்க வேண்டும். நோயை அறவே ஒழிப்பதற்கா, அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்குவதற்கா, அறுவைக்குப் பின் எஞ்சியதைத் துடைப்பதற்கா, வலியைத் தணித்து வாழ்நாளை நீட்டுவதற்கா? எத்தனை சுற்று? எத்தனை நாளுக்கு ஒருமுறை? நோயாளியை அருகில் வைத்துக்கொண்டே கேட்பது நலம். உடம்பு அவருடையது, அறியும் உரிமையும் அவருடையதே.

2. சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு உண்ணும் மருந்துகளையும், நாட்டு மருந்து, சூரணம், கஷாயம் ஏதேனும் உட்கொண்டால் அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூலிகையானால் தீங்கில்லை என்பது தவறு. ஈரலும் சிறுநீரகமும் கீமோ மருந்தைக் கையாண்டுகொண்டிருக்கும் நேரத்தில், வேறொன்று அவற்றின் மேல் சுமையாகலாம். மருந்தின் அளவையே மாற்றி விடலாம்.

3. இளவயதினர் பிற்காலத்தில் குழந்தை வேண்டுமென்று எண்ணினால் அதை முன்னரே டாக்டரிடம் கூற வேண்டும். சில மருந்துகள் கருத்தரிக்கும் ஆற்றலைக் குறைக்கும். தொடங்கிய பின் பேசிப் பயன் குறைவு. சிகிச்சை நடக்கும் காலத்தில் கருத்தரித்தல் கூடாது.

4. சொத்தைப் பல், ஈறு வீக்கம் இருந்தால் பல் டாக்டரிடம் காட்டிச் சரி செய்துகொள்ள வேண்டும். பின்னால் அதுவே கிருமி புகும் வாயிலாகும்.

5. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அதைப் படிக்க வீட்டில் இருவராவது பழகிக்கொள்ள வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது இந்நோயாளிக்குப் போதாது.

6. நாற்பது பக்க நோட்டு ஒன்று. முதற் பக்கத்தில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், மருந்து ஏறிய தேதி, ஆஸ்பத்திரியின் பகல் எண், இரவு எண். அடுத்த பக்கங்களில் நாள்தோறும் காய்ச்சல் அளவு, சாப்பிட்டது, வாந்தி, வெளிக்குப் போனது. பள்ளி செல்லும் பிள்ளை இதை எழுதலாம்.

7. உடன் செல்பவர் யார், மாடு கறப்பவர் யார், பிள்ளைகளுக்குச் சமைப்பவர் யார் என்று முன்னரே தீர்மானிக்க வேண்டும். அறுவடை முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று நாளைத் தள்ளுதல் கூடாது. நெல்லை வேறு கையாலும் அறுக்கலாம்.

மருந்து ஏறும் நாள்

மருந்து பெரும்பாலும் கையிலுள்ள நரம்பின் வழியே, குளுகோஸ் ஏற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுகிறது; சில மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றோடும் செல்ல வேண்டாம். வயிறு புடைக்க உண்டும் செல்ல வேண்டாம். இட்லி, இடியாப்பம் போன்ற இலகுவான உணவு ஏற்றது. வாந்தியைத் தடுக்கும் மருந்தை முன்னதாகவே தருவார்கள்.

நம் மக்கள் பொறுமைசாலிகள். இங்கே அப்பொறுமை ஆகாது. ஊசி ஏறும் இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ தோன்றினால், அந்தக் கணமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். மருந்து நரம்பை விட்டுச் சதையில் கசிந்தால் புண்ணாகி விடும். உடனே நிறுத்தினால் தடுக்கலாம். மூச்சு முட்டுதல், மார்பு இறுகுதல், உடம்பு தடித்துச் சிவத்தல் ஆகியவற்றையும் அப்படியே உடனே சொல்ல வேண்டும். "நர்ஸம்மாவுக்கு எதற்குத் தொந்தரவு?" என்று எண்ணியிருக்க வேண்டியதில்லை; அதற்காகவே அவர்கள் அங்கிருக்கிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கும் வேறு சிலவற்றுக்கும் தரப்படும் டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து சிவப்பு நிறமுடையது. அது ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது இரத்தம் அன்று, அஞ்ச வேண்டா.

முதல் வாரம்

முதல் நாளும், அதைவிட இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையிலும் குமட்டலும் வாந்தியும் வரலாம். வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடுவது பயனற்றது. எழுதித் தந்த மாத்திரைகளைக் குறித்த வேளையில், குமட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்ண வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இக்காலத்தில் வாந்தியைத் தடுக்கப் பலவகை மருந்துகள் உண்டு. ஒன்று கேளாவிட்டால் மற்றொன்றைச் சேர்ப்பார்கள். சொன்னாலன்றி அவருக்குத் தெரியாது.

மூன்று வேளை நிறைய உண்பதைவிட இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்பது நல்லது. தாளிப்பு மணம் பலருக்குக் குமட்டும். சமைக்கும் இடத்திலிருந்து நோயாளி விலகியிருக்கலாம். நாக்கில் ருசி மாறும். உப்பில்லை, உலோகம்போல் இருக்கிறது என்பார்கள். அவர் குறை கூறுவதாக வீட்டார் வருந்த வேண்டா. கொதித்து ஆறிய நீர், மோர், இளநீர், கஞ்சி என்று நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் உட்செல்வது நலம். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சர்க்கரை நோயாளிகளும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேதியானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொடுக்கலாம். வாந்தி மாத்திரைகளாலும் வின்கிரிஸ்டினாலும் மலச்சிக்கல் வருவதுண்டு. அதையும் சொல்லி மருந்து பெற வேண்டும்.

வாய்ப்புண் வராமல் காக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, உண்ட பின்பும் படுக்குமுன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மிருதுவான பிரஷ் ஏற்றது. வேப்பங்குச்சி ஈறைக் கிழித்து விடும். வெற்றிலைப் பாக்கு, புகையிலை, சுருட்டு, சாராயம் ஆகியவற்றுக்கு இனி இடமில்லை.

மருந்து ஏறிய 48 மணி நேரம் வரை சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் வெளிப்படும். கழிப்பறையில் இருமடங்கு நீர் ஊற்ற வேண்டும். அழுக்கான துணியைக் கையுறை அணிந்து தனியே துவைக்க வேண்டும். கர்ப்பிணிகள் இவ்வேலையைச் செய்ய வேண்டா. இந்த எச்சரிக்கை மருந்தின் பொருட்டே. நோய் தொற்றும் என்பதற்காக அன்று. புற்றுநோய் தொற்றுவதில்லை. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதாலோ யாருக்கும் வராது. தனித் தட்டு, தனித் திண்ணை என்று ஒதுக்கும் கொடுமையை எந்த மருத்துவமும் விதிக்கவில்லை.

ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை

இப்பகுதியை வாசகர்கள் இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

வாந்தி நின்று, நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கும்போது, ஆபத்து நீங்கியதென்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் அப்போதுதான் கவனம் மிகுதியாக வேண்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள், மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் பொதுவாக மிகக் குறைந்த நிலைக்கு இறங்கும், பிறகு ஏறும். அந்நாட்களில் சிறு கிருமியும் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிரைக் குடிக்க வல்லது. காவலாள் இல்லாத களத்து மேடு போன்றது அப்போது உடம்பு. சீழ் உண்டாக்குவதும் வெள்ளணுவே ஆதலால், சீழோ வீக்கமோ தெரியாது. காய்ச்சல் ஒன்றே அறிகுறி.

தெர்மாமீட்டர் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி சென்டிகிரேட் காட்டினால், அல்லது குளிரும் நடுக்கமும் கண்டால், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்பதும் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. பக்கத்துக் கடையில் ஓர் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் குறைந்திருக்கும் நேரத்தில் சதையில் போடும் ஊசியால் இரத்தம் கட்டிக்கொள்ளலாம். மருந்து ஏற்றிய ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தால் 108 வண்டியை அழைத்து அருகிலுள்ள அரசினர் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். அங்கே முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "கீமோ மருந்து ஏறி இத்தனை நாள் ஆகிறது, காய்ச்சல் கண்டிருக்கிறது." வரிசையில் நின்று காத்திராமல், நோட்டைக் காட்டி இதைச் சொல்ல வேண்டும். வந்த ஒரு மணி நேரத்திற்குள் கிருமியைக் கொல்லும் ஊசி நரம்பில் ஏற வேண்டும் என்பதே மருத்துவ விதி.

இதேபோல் விரைந்து செல்ல வேண்டிய மற்றவை: மூச்சுத் திணறல், மூக்கு ஈறு மலம் ஆகியவற்றில் இரத்தம், ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, நிற்காத பேதி, நினைவு தடுமாறுதல்.

இந்நாட்களில் கிருமியைத் தவிர்க்கும் வழிகளையும் அறிய வேண்டும். உழவர் வீட்டுக்குச் சில தனி எச்சரிக்கைகள் உண்டு. மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுதல், எருக்குழி கிளறுதல், கோழிக் கூண்டைச் சுத்தம் செய்தல், வெறுங்காலோடு சேற்றில் இறங்குதல், பூச்சி மருந்து தெளித்தல் ஆகியவற்றை நோயாளி செய்யக்கூடாது. முள்ளோ அரிவாளோ கீறினால் சோப்புப் போட்டுக் கழுவிக் கவனிக்க வேண்டும். உணவு அன்றன்று சமைத்துச் சூடாக இருக்க வேண்டும். நம் நாவுக்கு உகந்த பழைய சோறும், காய்ச்சாத பாலும், அரைவேக்காட்டு முட்டையும் சிறிது காலம் ஒதுங்கியிருக்கட்டும். பழத்தை நன்றாகக் கழுவித் தோலுரித்து உண்ணலாம். முட்டை, பருப்பு, மீன், கொண்டைக்கடலை ஆகியவை நன்கு வெந்திருந்தால் உடலைத் தேற்றும். பத்தியம் என்ற பெயரால் வெறுங்கஞ்சி மட்டும் கொடுத்து நோயாளியை மெலிய விடுவது தவறு. சளி இருமல் உள்ளவர்கள் பார்க்க வர வேண்டா. தொடுமுன் எல்லோரும் கை கழுவ வேண்டும்.

நாம் கண்ட இரு வீடுகள்

நம் பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், மானாவாரி விவசாயி ஒருவரின் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். முதல் சுற்று முடிந்து ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல் கண்டது. "காலையில் பார்க்கலாம்" என்றார் மாமியார். அடுத்த தெருவிலிருந்த வார்டு உறுப்பினரம்மா, கிராம செவிலியர் ஒரு கூட்டத்தில் சொன்னதை நினைவில் வைத்திருந்தவர், 108 வண்டிக்குத் தாமே சொல்லி உடன் ஏறிச் சென்றார். வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தன. சில நாள் ஊசி ஏற்றினார்கள். இரண்டாம் சுற்றை ஒரு வாரம் தள்ளி, வெள்ளணுவைப் பெருக்கும் ஊசியும் சேர்த்துத் தந்தார்கள். எல்லாச் சுற்றும் முடிந்து அவ்வம்மையார் இவ்வாண்டு நிலக்கடலைக் களையெடுப்பில் தம் வரிசையில் நின்றதை நாம் பார்த்தோம்.

மற்றோர் ஊரில் ஒரு பெரியவருக்குக் கழுத்துக் கழலைப் புற்று. மருந்துக்கு நன்கு மசியும் வகை என்று டாக்டர் கூறியிருந்தார். முதல் சுற்றில் ஐந்து நாள் வாந்தி. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை; மாத்திரையையும் வாந்தியோடு போகிறதே என்று நிறுத்தி விட்டார். கழலை சுருங்கவே, "இதுவே போதும், இனி அந்தப் பாடு வேண்டா" என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். நான்கு மாதம் கழித்துக் கழலை மீண்டும் பெருத்த பிறகே சென்றார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. அந்த ஊரில் யாரும் அவருக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். அறியாமல் சொன்ன ஆறுதலே அங்கு தீங்காக முடிந்தது.

சிகிச்சையை நிறுத்தவே கூடாது என்று நாம் கூறவில்லை. உடல் தாங்காதபோது டாக்டர்களே அளவைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள், சில சமயம் நிறுத்தவும் சொல்வார்கள். நோயாளியும் டாக்டருடன் பேசித் தீர்மானிக்கலாம். அத்தீர்மானத்தைத் திண்ணையில் கூடியவர்கள் செய்யலாகாது.

முடியும் ஊரார் பார்வையும்

எல்லா மருந்துக்கும் முடி உதிர்வதில்லை. உதிரும் மருந்தானால் இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக வரும். முன்னதாகவே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் மனம் சற்றுத் தேறும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளரும். தலை மழித்த பெண்ணைத் துக்கத்தின் அடையாளமாகக் காணும் பழக்கம் நம்மிடம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. சுபகாரியங்களுக்கு அழைக்காமல் விடுவதும், எதிரே வந்தால் முகம் திருப்புவதும் மருந்தைவிட மிகுதியாக வருத்தும். வளைகாப்புக்கும் கிரகப் பிரவேசத்துக்கும் முதல் அழைப்பை அவ்வீட்டிற்குக் கொடுப்பதே பண்பாகும். சளி காய்ச்சல் பரவும் நாளில் கூட்டத்துக்கு வருவதா வேண்டாவா என்பதை அவரே முடிவு செய்து கொள்வார்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

1952ஆம் ஆண்டு அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் பணி தொடங்கியது புற்றுநோய் ஆஸ்பத்திரி. 1923இல் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரமே அம்மையாரை இம்முயற்சியில் ஈடுபடுத்தியது. 1955இல் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரை அதற்கே உழைத்தார். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசினர் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கீமோ சிகிச்சை நடைபெறுகிறது. ஆஸ்பத்திரி வரையுள்ள பாதையைப் பிறர் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரையுள்ள பாதை பஞ்சாயத்தின் பொறுப்பு.

முதலாவது, பணம். மாட்டையும் நகையையும் விற்பதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அக்குடும்பம் சேர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு உரியது அது. குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. கீமோ சிகிச்சையும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். நோயாளியின் பிள்ளை நாலு நாள் அலைவதைவிட, வழி தெரிந்த ஓர் உறுப்பினர் உடன் சென்றால் வேலை எளிதாகும்.

இரண்டாவது, பிரயாணம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணை செல்பவருக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. இதற்குரிய படிவத்தை ஆஸ்பத்திரியில் கையெழுத்திட்டுத் தருவார்கள். இரவில் அவசரம் நேர்ந்தால் வண்டி எடுக்கக் கூடிய ஊர்க்காரர்கள் இருவர் மூவரின் எண்களை அவ்வீட்டு நோட்டில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது, வீடும் நீரும். அவ்வீட்டில் கழிப்பறை இல்லையேல் அதற்கு முதலிடம் தர வேண்டும். குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் இடுதல் எப்போதும் கடமையே. ஒரு வீட்டில் வெள்ளணு குறைந்த ஒருவர் இருக்கும்போது அது உயிர் காக்கும் கடமையாகிறது. அவ்வீட்டின் எதிரே சாக்கடை தேங்கலாகாது.

நான்காவது, வேலை. நடவுக்கும் அறுப்புக்கும் ஒருவர்க்கொருவர் ஆள் மாற்றி உதவும் வழக்கம் நம் ஊர்களில் பழமையானது. ஆறு சுற்று என்றால் நான்கைந்து மாதம். ஒரு போகத்தின் காலம். அந்த ஒரு போகத்திற்கு அந்த வயலை ஊர் பார்த்துக் கொள்ளலாகாதா?

ஐந்தாவது, அடக்கம். நோயாளியின் பெயரைக் கூட்டத்தில் கூறுவதும், படம் எடுத்து நிதி திரட்டுவதும் அவர் சம்மதமின்றிக் கூடா. கிராம செவிலியரும், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர்களும் வீடு வரும்போது வழி காட்டினால் போதும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில், எவர் பெயரையும் குறிப்பிடாமல், பின்வரும் மூன்றையும் ஒருமுறை உரக்கப் படியுங்கள். பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

கீமோ மருந்து ஏறியவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திராதீர்.

வாந்தியும் வாய்ப்புண்ணும் மறைக்க வேண்டியவை அல்ல; டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு.

முதல் சுற்றோடு நில்லாதீர். நிறுத்துவதானால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.